இடது போஸ்ட்

கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்திப் பின்னால் முடிச்சை இறுக்கியதுமே சிகாமணி கேட்டுவிட்டார். "அப்புறம் எபி, இன்னா சொல்ற? இந்த சீசன் ஏறிடுவமா?" ஏறுவது என்றால் கால்பந்து லீகில் மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு. சூசைபுரத்தில் கொஞ்ச நாளாக அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை. மீன் விலையைக்கூடக் கூடிப்போச்சு என்கிறார்களே தவிர ஏறிப்போச்சு என்பதில்லை. எபினேசர் துணிக்குள் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்ணே" என்றான். இதையேதான் காலையில் சர்ச் வாசலில் பாஸ்டரிடம் சொன்னான், பால் பூத்தில் சொன்னான். பாக்கலாம். சொல்லும்போதெல்லாம் நாக்கு எதிலோ இடறியது. ஒரு நாளில் மனிதன் எத்தனை முறை பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறான் என்பது இந்த ஆறேழு மாதமாகத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாத்துப் போ, பாத்துக்கலாம், பாத்தியா இத, இன்னா ஆளையே பாக்க முடியல. வாயைத் திறந்தால் கண்தான் வந்து விழுகிறது. கரண்ட் போயிருந்ததால் சிகாமணி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கண்ணாடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே தெரு, தெருவின் முடிவில் எண்ணூர் ரோடு, ஞாயிற்றுக்கிழமை என்றுகூட இல்லாமல் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கன்டெய்னர் வண்டிகள். மத்தியானம் அந்த வரிசையில் அவனும் தன் டிரெய்லரைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். அதற்கு முன்னால் கிரவுண்டில் கூட்டம். சீசன் தொடங்குமுன் வருஷா வருஷம் நடப்பதுதான், கொடி ஏற்றி, ஜெர்சி கொடுத்து, யாராவது ஒருவர் இந்த வருஷம் நார்த் பியர் கிளப் எப்படி வரும் என்று பேசுவார். இந்த முறை கேப்டன் பேசட்டும் என்று கோச் அம்புரோஸ் மாஸ்டர் சொல்லிவிட்டார். கேப்டன் அவன்தான். கோல்கீப்பரும் அவன்தான். போட்டோ எடுப்பாங்க, இப்படிக் காடு மாதிரி முடிய வச்சினு போவாத என்று மனைவி சுகந்தி துரத்திவிட்டதில்தான் இந்த நாற்காலியில் வந்து மாட்டிக்கொண்டான்.

"பாக்கலாம் கீக்கலாம்லாம் வேலைக்கு ஆவாது" என்று பெஞ்சிலிருந்து லாசர் சொன்னார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் இல்லை, வெட்டுவதற்கு அவரிடம் முடியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேச்சும் இங்கேதான் கிடைக்கும் என்று வருகிறவர். "நான் சொல்றன் கேட்டுக்க. டெல்வின் கேரளாவுல செவன்ஸ் ஃபுட்பால் ஆடிட்டு வந்துட்டான். முன்னாடி கவலையே இல்ல. இந்த ரூபன், அந்த லெஃப்ட் பேக், இன்னா ஓட்டம் ஓடுறான்! நடுவுலதான் கொஞ்சம் ஓட்டை. ரெண்டு பேரு போலீஸ் டீமுக்குப் பூட்டானுங்க. அத மாஸ்டர் எப்டியாவது அடச்சிருவாரு. பின்னாடி நம்ம எபி." சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தார். பின்னாடி நம்ம எபி. எல்லோருடைய பேச்சும் அங்கே வந்துதான் முடியும், ராத்திரி கதவைச் சாத்திக் கடைசியாகத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. முன்னாடி அவன், நடுவில் இவன், அது இருக்கு, இது இல்லை, எப்படியோ போகட்டும், பின்னாடி எபி. க்ளக். இனி தூங்கலாம். தாழ்ப்பாளுக்குத் துருப்பிடித்திருக்குமா என்று கதவைச் சாத்துகிறவன் எதற்கு யோசிக்கப் போகிறான். சிகாமணியின் கத்தரி வலது காதுக்கு மேலே சக் சக் என்று நடந்துகொண்டிருந்தது. வலது பக்கம் நிம்மதி. வலது பக்கம் சீப்பின் பல், அவருடைய கட்டைவிரல் நகம், பெஞ்சில் லாசரின் செருப்பு, செருப்பின் அறுந்த வார், எல்லாம் தெரிகிறது. இடது பக்கம் இருட்டு என்றால்கூடப் பரவாயில்லை. இருட்டாவது ஒரு பொருள்; அங்கே இருட்டு இருக்கிறது என்று தெரியும். இது அப்படி இல்லை. அங்கே எதுவும் இல்லை, இல்லை என்பதும் தெரிவதில்லை. உலகம் மூக்குக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்திலேயே ஒழுங்காக முடிந்துவிடுகிறது, எப்போதும் அவ்வளவுதான் இருந்தது போல.

டெல்வினை நினைப்போம் என்று நினைத்தான். கூட்டத்தில் டெல்வினில் தொடங்கலாம். நம்ம டெல்வின் திரும்பி வந்தது நமக்கு ரொம்ப பலம். ப்ராக்டிஸில் அவன் அடித்த பந்து ஒன்று பாரில் பட்டு அதிர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அதைச் சொல்லலாம், கை தட்டுவார்கள். அப்புறம் ரூபன். ரூபன் லெஃப்ட் பேக்ல வந்தது, லெஃப்ட் பேக்ல, லெஃப்ட். அங்கே போனதும் நினைப்பு தானாகச் சறுக்கிக்கொண்டு போன சீசனின் கடைசி மேட்சில் போய் விழுந்தது. எத்தனை சுற்றுப் பாதையில் போனாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ரெட்ஹில்ஸ் ரோவர்ஸோடு ஆட்டம். டிரா ஆனாலே போதும், ஏறிவிடலாம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், ஓரத்தில் நின்றவர்கள் ஊதுடா ஊதுடா என்று ரெஃப்ரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரோவர்ஸ் விங்கர் ஒருவன் அந்தப் பக்கம் ஓடியது தெரியும். பிறகு அவன் இல்லை. பிறகு பின்னாலிருந்து வலை உரசும் சத்தம், புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டி விடுபடுகிற மாதிரி அவ்வளவு சின்ன சத்தம். அவ்வளவுதான். பந்தை அவன் பார்க்கவில்லை. வேகமாக வந்து பார்க்க முடியாமல் போகவில்லை. வீடியோ எடுத்தவர் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்களே, குழந்தை உருட்டிவிட்ட மாதிரி, தாராளமாக, அவனுக்கும் இடது போஸ்ட்டுக்கும் நடுவே உருண்டு போகிறது, அவன் கல்யாண வீட்டில் வாசலில் நிற்கிறவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "வெயிலு" என்று சொன்னது லாசர்தான். "சாயங்கால வெயிலு கண்ணுல அடிச்சா எந்த கீப்பரால பாக்க முடியும்?" ஒருவர் சொன்னார், பத்துப் பேர் சொன்னார்கள், மறுநாள் சூசைபுரம் முழுக்க வெயில். சுகந்திகூட வெயில் என்றாள். அன்றைக்கு வெயில் அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அவனுடைய நிழல் அவனுக்கு முன்னால் நீளமாகப் பெனால்டி ஸ்பாட் வரைக்கும் விழுந்திருந்தது. ஒரு தெருவே சேர்ந்து சூரியனைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு எதிரே வைத்தது, எபியைக் குறை சொல்லக்கூடாது என்று. அந்த அன்பை என்ன செய்வது. அந்த அன்புக்குள் உட்கார்ந்துகொண்டு மூச்சு விடுவது எப்படி. துணியின் முடிச்சு கழுத்தில் இறுகியது போலிருந்தது. தளர்த்தச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை.

"தலைய கொஞ்சம் குனி" என்று சிகாமணி பிடரியில் கை வைத்து அமுக்கினார். குனிந்தான். மடியில் துணிமேல் முடி விழுந்திருந்தது, நரைத்ததும் கறுத்ததுமாக. கீப்பருக்கு வயது ஒரு பொருட்டில்லை என்று மாஸ்டர் சொல்வார். ஓடுறவனுக்குத்தான் கால் போவும், கீப்பருக்கு அனுபவம் ஏற ஏற நல்லது. உண்மைதான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த ஆறேழு மாதத்தை ஓட்டியிருக்கிறான். உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி நிற்கக் கற்றுக்கொண்டான், கோழி பார்க்கிற மாதிரி. ஜூனியர் டீமில் கீப்பர்கள் எல்லாம் இப்போது அப்படித்தான் நிற்கிறார்கள், எபி அண்ணன் ஸ்டைல் என்று. கடவுளே. அதைப் பார்த்த அன்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். நேரே பாருங்க, ஓரத்துல எங்க வெளிச்சப் புள்ளி தெரிஞ்சாலும் பட்டனை அமுக்குங்க. கீப்பராச்சே, ஒன்றையும் விடக்கூடாது என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டான். வலது கண்ணுக்கு டக் டக்கென்று அமுக்கினான், விளையாட்டாகக்கூட இருந்தது. இடது கண்ணுக்கு வைத்தபோது புள்ளியே வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், அந்த நர்ஸ் பெண்ணிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தான். புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. எல்லாம் கோல். டாக்டரம்மா நல்ல மாதிரி. கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தச் சொட்டு மருந்து என்றார். என்ன வேலை பண்றீங்க என்று கேட்டார். அந்த இடத்தில்தான். அந்த இடத்தில் ஒரு விநாடி இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டாக்டரம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். "கடை வச்சிருக்கேன் மேடம்" என்றான். என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போதும் சில சமயம் யோசிப்பதுண்டு. மளிகைக் கடை. சைக்கிள் கடை. அவன் ஆளில்லாத ஒரு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான், ரோட்டில் வண்டிகள் போகின்றன, அவற்றில் ஒன்றையும் அவன் ஓட்டவில்லை. சுகந்தியிடம் கண் வறட்சி என்று சொல்லியிருக்கிறான். தினமும் சொட்டு மருந்தை அவள்தான் விடுகிறாள், கண்ணை மூடாத, மூடாத என்று அதட்டிக்கொண்டு, ஊதிவிட்டு.

"இந்த வாட்டி பேசும்போது வெயில் கதையும் சொல்லிடு" என்று லாசர் ஆரம்பித்தார். "மனசுல வச்சினு இருக்காத. ஒரு கோலு. யாருக்குத்தான் போவல." "சொல்றேன்ணே" என்றான் எபினேசர், குனிந்தபடியே. மனசுல வச்சினு இருக்காத. மனதில் இருப்பது அந்தக் கோல் இல்லை லாசர் அண்ணே என்று அவனுக்குள் ஒருவன் நிதானமாகப் பதில் சொன்னான். கோல் போனால் என்ன, இன்னொரு சீசன் வரும், கிளப் கீழே இருந்தால் இருக்கட்டும், மூன்றாம் டிவிஷனில் ஆடினால் யாரும் செத்துவிடப் போவதில்லை. செத்து. அந்தச் சொல் வரும் என்று தெரிந்துதான் இவ்வளவு நேரம் டெல்வினையும் ரூபனையும் ஓட விட்டுக்கொண்டிருந்தான். வந்துவிட்டது. ரோஸ் கலர் ஹெல்மெட். எர்ணாவூர் வளைவு. அவன் இடது பக்கம் வண்டியை ஒடிக்கிறான், பெரிய வண்டி, அதன் முதுகில் நாற்பதடிப் பெட்டி, கண்ணாடியைப் பார்த்தான், பார்த்தான் என்றுதான் நினைத்தான், கண்ணாடியில் ரோடு காலியாக இருந்தது. ஹார்ன் சத்தம், ஒரு ஸ்கூட்டியின் கீச்சுக் குரல் ஹார்ன், நிற்காமல், ஒரு பெண்பிள்ளையே அலறுவது மாதிரி. பிரேக்கை மிதித்த காலில் இன்னும் அந்த அதிர்வு இருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் டயருக்கும் அந்த அம்மாவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை வைக்க இடம் இருந்தது. ஸ்கூட்டியின் கண்ணாடி உடைந்து தரையில் கிடந்தது. மீன் மார்க்கெட்டுக்கோ எங்கோ வேலைக்குப் போகிறவள், அவன் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, உதடு நடுங்க, "கண்ணு தெரியலயாடா உனக்கு?" என்று கேட்டாள். உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். கிரவுண்டில் ரெஃப்ரியைக் கேட்கிறார்கள், பஸ்ஸில் கால் மிதித்தவனைக் கேட்கிறார்கள். யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவனிடம் மட்டும் பதில் இருந்தது. வாய்வரைக்கும் வந்து இருந்தது. "பாத்துப் போம்மா" என்றான். பாத்துப் போம்மா என்றான் அவளைப் பார்த்து. அவள் காறித் துப்பினாள். அதன்பிறகும் தினம் வண்டி எடுத்திருக்கிறான். நேற்று எடுத்தான். இன்றைக்கு மத்தியானம் எடுப்பான். லைசென்ஸ் போனால் வேறு என்ன தெரியும் அவனுக்கு, பந்து பிடிக்கத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும், இரண்டுக்கும் ஒரே கண். கிளப்பில் ஒருவனிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கன்டெய்னர் யார்டில் டிரைவர்களுக்கு வண்டி கொடுக்கிற குணாளன் சார் காதுக்குப் போய்விடும், அவர் தம்பியே நார்த் பியருக்கு விசில் அடிக்கிற ரசிகன். ஆகவே கிளப்பில் சொல்ல முடியாது. கிளப்பில் சொல்லாவிட்டால் கோலில் நிற்க வேண்டும். கோலில் நின்றுகொண்டே யார்டில் போய்க் கண் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு கதவு இன்னொரு கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது.

நிமிரச் சொல்லிச் சிகாமணி முகவாயைத் தொட்டார். நிமிர்ந்தான். கத்தரி இப்போது இடது பக்கம் போயிருந்தது, சத்தம் மட்டும் கேட்டது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். லாசர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. எபினேசர் தெரு முனையில் போகும் பெட்டிகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நீலம், துருச் சிவப்பு, மறுபடி நீலம். அப்புறம் கொஞ்ச நேரமாகக் கத்தரிச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தான். இஞ்சி டீ வாசனை மிகப் பக்கத்தில் அடித்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. ஆவி கன்னத்தில் பட்டது போலவும் இருந்தது. சிகாமணி எங்கே போனார்? ஒருவேளை வெற்றிலை போடப் போயிருப்பார். கன்னத்தருகே காற்று லேசாக அசைந்தது, ஒரு முறை, மறுபடி ஒரு முறை, பூச்சி பறந்த மாதிரி. பிறகு செருப்புச் சத்தம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கமாக வந்தது, வலது ஓரத்தில் திடீரென்று சிகாமணியின் கை முளைத்தது, கையில் கத்தரி, முனை அவன் கண்ணுக்கு நேரே வர, அவன் இமையை மூடித் தலையைப் பின்னுக்கு இழுத்தான். கண்ணைத் திறந்தபோது சிகாமணி அவனுக்கு எதிரே வந்து நின்றிருந்தார். இன்னொரு கையில் டீ கிளாஸ். கிளாஸைப் பிடித்திருந்த விரல்கள் சிவந்திருந்தன. எவ்வளவு நேரம் அந்தப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றாரோ. அவர் முகத்தில் கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி அவனுடைய இடது கண்ணையே பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "லாசரு, சக்கரையே போடல பாரு இதுல. கடையில குடுத்து வேற ஒண்ணு வாங்கியா." "நீயே போயேன்" என்றார் லாசர். "பாதியில கீது வேல. போ நைனா." லாசர் முனகிக்கொண்டே கிளாஸை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது கடையில் இரண்டு பேர்தான். எபினேசருக்கு உடம்பு முழுவதும் வியர்த்தது. அதே சமயம், அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஏதோ ஒன்று உள்ளே தொம்மென்று உட்கார்ந்தது, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நின்ற சாமானை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி. தெரிந்துவிட்டது. இனி சொல்ல வேண்டியது அவன் இல்லை. சிகாமணி சொல்லிவிடுவார், மாஸ்டரிடம் போவார், மாஸ்டர் கத்துவார், ஊரே கத்தும், எல்லாம் அவன் தலைக்கு மேலே நடக்கும், அவன் இந்தத் துணிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். "எத்தினி நாளா?" என்று கேட்டார் சிகாமணி, குரலைத் தாழ்த்தி. "போன சீசன் முடியறப்போவே கொஞ்சம் கொஞ்சமா இருந்துது போல. எனக்கே அப்புறம்தான் தெரியும்ணே." "வெயிலு?" "வெயில் இல்ல." சிகாமணி தலையை ஆட்டிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் நார்த் பியருக்கு ரைட் விங் ஆடியவர்; இன்னமும் பேசும்போது வலது கால் தானாக எதையோ தள்ளிவிடுகிற மாதிரி நகரும். இப்போதும் நகர்ந்தது. "வர்றதுக்கு வழி?" "இல்லியாம்." "இந்தக் கண்ணு?" "இது நல்லா கீது." சிகாமணி கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கேப்டனுக்குப் பதிலாக அவரே சீசனைப் பேச ஆரம்பித்துவிட்டார். "சரி. ரூபன உன் பக்கத்துலயே ஒட்டி நிக்கச் சொல்லலாம். மேல ஏற வேணாம். கார்னர்னா லெஃப்ட் போஸ்ட்ல ஒரு ஆளு, கண்டிப்பா. நீ ஒரு கண்ண வச்சினு ஆடுனாலும் இந்த டிவிஷன்ல உன்ன மாரி கீப்பர் எவன் கீறான்? மாஸ்டர்கிட்ட மட்டும் காதுல போட்டா போதும். வெளிய தெரிய வேணாம். ஏறிடலாம் எபி. இந்த ஒரு சீசன்." அவருடைய கண்கள் பளபளத்தன. எபினேசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, துருவைத் தட்டிவிட்டு, எண்ணெய் போட்டுத் திரும்ப அதே இடத்தில் மாட்டுகிறார். யாரும் அவனை வெளியே விடப்போவதில்லை. விட மாட்டார்கள், அவனைப் பிடிக்கும் என்பதால். "சரிண்ணே" என்றான்.

சிகாமணி சீப்பை எடுத்தார். இடது காதுக்கு மேலே வைத்தார். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து அவர் மூச்சு விடுவது கேட்டது. "எபி." "ம்." "கிரவுண்டுல ஆள் போட்டுடலாம். ரோட்டுல யார போடுவ?"

தெரு முனையில் ஒரு வண்டி ஏர் பிரேக் பிடித்துப் புஸ்ஸென்று நின்றது, பின்னாலேயே வரிசையாக எல்லாம் நின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை காலம் கால்பந்தையே நினைத்துக்கொண்டிருந்தானோ என்று தோன்றியது. கோல், வெயில், ஏறுவது, இறங்குவது, எல்லாம் ஒரு பெரிய கூட்டம் மாதிரி அவனைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நடுங்கும் உதட்டோடு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் நகரவே இல்லை. இன்றைக்கு மத்தியானம் அவள் இல்லாவிட்டால் இன்னொருத்தி. சொட்டு மருந்து விடும் சுகந்தியின் கை நினைவு வந்தது. அவளும் எர்ணாவூர் வளைவில்தான் பஸ்ஸுக்கு நிற்பாள். "மத்தியானம் டூட்டி கீது" என்றான், யாரிடமோ புகார் சொல்கிறவன் போல. சிகாமணி திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்குக் கத்தியிருப்பான், நீ சோறு போடுவியா என்று கேட்டிருப்பான், கோபத்தோடு எழுந்து போய் அந்தக் கோபத்திலேயே வண்டியையும் எடுத்திருப்பான். அவர் சீப்பைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றார். துணிக்குள்ளேயே கையைத் துழாவிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான் எபினேசர். போன் துணிக்கு வெளியே வர வழி கிடைக்காமல் முட்டியது. சிகாமணி குனிந்து ஓரத்தைத் தூக்கிவிட்டார்.

"சார், எபினேசர் பேசறேன்." "ஆங், சொல்லுப்பா. யார்டுக்கு வந்துட்டியா?" குணாளன் சாரின் பின்னால் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் டிங் டிங் என்று கேட்டது. "இல்ல சார். இன்னிக்கு வண்டி எடுக்கல." "இன்னாபா கடைசி நேரத்துல. உடம்பு சரியில்லியா?" "கண்ணு சார்." "கண்ணா? மெட்ராஸ் ஐ-யா? இங்க கூட ரெண்டு பேருக்குக் கீது. அப்ப வராத, வராத, எல்லாருக்கும் ஒட்டி விட்ருவ. நாலு நாள் லீவு போட்டுக்க." அவ்வளவு சுலபம். ஆமா சார் என்று சொன்னால் போதும். நாலு நாள். நாலு நாளில் எதையாவது யோசிக்கலாம். ஆமா சார் என்பது நாக்கு நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. லாசர் புது டீயோடு ஏறி வந்தார், கூடவே அம்புரோஸ் மாஸ்டர், தோளில் மடித்த கொடி, கழுத்தில் விசில், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் இங்கியே உக்காந்துனு கீறியா? பசங்கள்லாம்—" என்று ஆரம்பித்தவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இல்ல சார்" என்றான் எபினேசர் போனில். குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது, பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி. "மெட்ராஸ் ஐ இல்ல. லெஃப்ட் சைடு தெரியல சார். கொஞ்ச மாசமாவே தெரியல. திரும்ப வராதாம்." அந்தப் பக்கம் டிங் டிங் நின்றுவிட்டது. "எபினேசர்" என்றார் குணாளன் சார், முழுப் பெயரையும் சொல்லி, "இத்தினி நாளு வண்டி எடுத்துனு இருந்தியே…" முடிக்கவில்லை. "நாளைக்கு ஆபீசுக்கு வா. லைசென்ஸ் எடுத்துனு வா." வைத்துவிட்டார்.

லாசர் டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான் வெயிலுன்னு சொன்னேன்" என்றார் கடைசியில், சின்னக் குரலில், தானே ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போல. அம்புரோஸ் மாஸ்டர் கொடியைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக எதுவோ அணைந்துகொண்டு போவது தெரிந்தது. டெல்வின், ரூபன், நடுவிலிருந்த ஓட்டை, பின்னால் எபி. எபினேசர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கக்கூடிய கண்ணால் பார்க்க வேண்டியதுதானே. நாளைக்கு ஆபீஸ். நாளைக்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுகந்தியிடம் சொல்ல வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், வறட்சி என்று சொன்ன பொய்க்குத் தினம் ஊதிவிட்டவள் அவள். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தினான். துணி கழுத்தில் இழுத்துப் பிடித்தது.

"உக்காரு" என்றார் சிகாமணி. "இந்தப் பக்கம் இன்னும் முடியல." உட்கார்ந்தான். சீப்பு இடது காதுக்கு மேலே படிந்தது. கத்தரி அவன் பார்க்க முடியாத இடத்தில் மறுபடி சக் சக் என்று ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. வெளியே தெருவிலிருந்து பையன்கள் கூப்பிட்டார்கள், "மாஸ்டர்! கொடி ஏத்த வேணாமா? எல்லாரும் வந்துட்டாங்க!" மாஸ்டர் கொடியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, தலையைத் தூக்காமலே, "இருங்கடா" என்று குரல் கொடுத்தார். "கேப்டன் முடி வெட்டினு கீறான்."